எல்லை தாண்டிய பிறகு எங்கே நிறுத்துவது?

2025 ஜூலை 27, காலை

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "ஆயுத பூஜை விடுமுறையில் குடும்பத்தோடு காரில் குருவாயூரும் கொச்சியும் போகிறோம். மாமியாருக்கு 71 வயது. குழந்தைகள் இரண்டு பேர். என் கணவர் ஒருவர்தான் ஓட்டுவார். இரவு பத்து மணிக்குக் கிளம்பினால் கூட்டம் இருக்காது என்கிறார். எல்லை தாண்டிய பிறகு இரவில் எங்கே நிறுத்தினால் பயமில்லை? கழிப்பறை எங்கே நன்றாக இருக்கும்?"

நான் கோவிந்தாபுரத்தில் குடியிருக்கிறேன். எல்லைக்குக் கேரளப் பக்கம். வீட்டில் பேசுவது தமிழ், ரேஷன் அட்டை மலையாளத்தில். மூன்று ஆண்டுகளாக மாதம் ஒரு முறை அம்மாவைக் கொச்சியில் உள்ள ஒரு மருத்துவமனைக்கு நானே காரோட்டி அழைத்துப் போகிறேன். முதலமடை, கொல்லங்கோடு, நென்மாறை வழியாக வடக்கஞ்சேரி அருகே தேசிய நெடுஞ்சாலை 544-ஐப் பிடித்து, குதிரான், மண்ணுத்தி, பாலியேக்கரை, சாலக்குடி, அங்கமாலி என்று போகும் வழி. நீங்களும் அநேகமாக இதே வழியில்தான் வருவீர்கள்.

முதலில், பத்து மணிக்குக் கிளம்பாதீர்கள். நீங்கள் வடக்கஞ்சேரியைத் தாண்டும்போது நள்ளிரவு கடந்திருக்கும். உங்கள் கணவருக்குக் கண் சொருகுகிற நேரமும், மாமியார் "எங்காவது நிறுத்துப்பா" என்று சொல்கிற நேரமும், வழியில் இருக்கும் கடைகள் ஷட்டரை இறக்கியிருக்கும் நேரமும் ஒன்றாக வந்து சேரும். அதிகாலை நாலரைக்குக் கிளம்புங்கள். கொல்லங்கோட்டில் விடியும். ஆறரைக்கு மேல் ஓட்டல்கள் திறந்திருக்கும். அப்போதுதான் கழுவிவிட்ட கழிப்பறை கிடைக்கும். அதே கழிப்பறைக்கு மதியம் மூன்று மணிக்குப் போய்ப் பாருங்கள், நான் எதற்காக நேரத்தை இப்படி வற்புறுத்துகிறேன் என்று புரியும்.

நிறுத்துவதற்கு நான் நம்புகிற இடங்கள் சுங்கச் சாவடி வளாகம், ஓட்டலோடு சேர்ந்த பெட்ரோல் பங்க், கேரளத்தில் உள்ளாட்சிகள் கட்டியிருக்கும் "டேக் எ பிரேக்" ஓய்விடம் ஆகியவைதான். கடைசியில் சொன்னதைப் பலரும் கவனிப்பதில்லை. பெயர்ப்பலகை சிறியதாக இருக்கும், கட்டடம் பேருந்து நிறுத்தம் மாதிரி தெரியும். ஆனால் பல இடங்களில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள்தான் நடத்துகிறார்கள். வாசலில் ஒரு பெண் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கழிப்பறைக்குள் தனியாகப் போக நான் ஒருபோதும் யோசித்ததில்லை. வண்டிக்கு ஏதாவது ஆனால் 1033-ஐக் கூப்பிடுங்கள். நெடுஞ்சாலை உதவிக்கு இரவும் பகலும் அதே எண்தான்.

2025 ஜூலை 27, இரவு

ஒன்று விட்டுப்போயிற்று. எங்கும் இடம் கிடைக்காவிட்டால், லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஆட்கள் இருப்பார்கள், டீக்கடை இருக்கும், இருட்டில் தனியாக நிற்பதைவிட நல்லது.

2025 ஜூலை 29

மேலே இரவில் எழுதியதை எழுதியிருக்கக் கூடாது. இருபது ஆண்டுகளாக லாரி ஓட்டும் ஒருவர், "அக்கா, அந்த யோசனையை மட்டும் யாருக்கும் சொல்லாதீங்க" என்று எழுதியிருக்கிறார். லாரிக்குப் பின்னால் ஒட்டி நிற்கும் கார், லாரி ஓட்டுநரின் கண்ணாடியில் தெரியாது; தூக்கத்திலிருந்து எழுந்தவர் இறங்கிப் பின்னால் பார்க்காமலேயே வண்டியை அசைப்பார்; இரண்டு லாரிகளுக்கு நடுவே புகுந்து ஓடும் குழந்தை யாருக்குமே தெரியாது. ஆட்கள் இருப்பதைப் பார்த்தேனே தவிர, அவர்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள், அங்கிருந்து அவர்களுக்கு என்ன தெரியும் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. லாரிகள் நிற்கும் வளாகத்துக்குள் போக நேர்ந்தால், வண்டியை அவற்றின் முன்பக்கம் தெரிகிற ஓரத்தில், டீக்கடை விளக்குக்கு நேராக நிறுத்துங்கள். வெளியேறும்போது ரிவர்ஸ் எடுக்க வேண்டாதபடி முகத்தைத் திருப்பியே நிறுத்துங்கள்.

இன்னொரு திருத்தம். 1033 என்பது தேசிய நெடுஞ்சாலைக்கான எண். கோவிந்தாபுரத்திலிருந்து நெடுஞ்சாலையைத் தொடும் வரை நீங்கள் வருவது மாநிலச் சாலை. அங்கே 112. ஆம்புலன்ஸுக்கு இரண்டு மாநிலத்திலும் 108-தான். எல்லை மாறினாலும் இந்த எண்கள் மாறாதது ஒரு நிம்மதி.

2025 ஆகஸ்ட் 2

"கழிப்பறைக்குள் என்ன ஆபத்து, அழுக்குதானே" என்று ஒருவர் கேட்டதற்காக இதை எழுதுகிறேன். இரண்டு ஆண்டுக்கு முன் நடந்தது. எந்த ஊர், எந்த பங்க் என்று சொல்லப்போவதில்லை.

அம்மா உள்ளே போனாள். நான் பத்தடி தள்ளி இருந்த குழாயில் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தேன். அந்தக் கதவின் தாழ்ப்பாள் வளைந்திருந்திருக்கிறது. உள்ளே தள்ளும்போது ஏறியது, இழுத்தபோது இறங்கவில்லை. அம்மா கதவைத் தட்டியிருக்கிறாள். பக்கத்தில் இரண்டு லாரிகள் இன்ஜினை அணைக்காமல் நின்றதால் எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவளுடைய போன் காரில் பைக்குள் இருந்தது. ஐந்து நிமிடம் கழித்துத்தான் எனக்கே சந்தேகம் வந்தது. பங்க் ஊழியர்கள் வந்து தோளால் இடித்தார்கள். இடித்தால் கதவு உள்பக்கம்தான் விழும், உள்ளே எழுபது வயதுக்காரி நிற்கிறாள் என்று கத்தி அவர்களை நிறுத்த வேண்டியதாயிற்று. கடைசியில் பஞ்சர் கடைப் பையன் ஒருவன் ஸ்க்ரூடிரைவரை வாயில் கடித்துக்கொண்டு, மேலே இருந்த காற்றுத் துவாரத்தின் கண்ணாடிப் பட்டைகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, அதன் வழியாக உள்ளே இறங்கித் தாழ்ப்பாளைக் கழற்றினான். மொத்தம் இருபது நிமிடம். வெளியே வந்த அம்மாவிடம், "பயந்துட்டியா?" என்று கேட்டேன். "பயமெல்லாம் இல்லை, பொடி டப்பாவைக் காரிலேயே வெச்சுட்டு வந்துட்டமேன்னுதான் இருந்துச்சு" என்றாள். அவளுக்கு மூக்குப்பொடி இல்லாமல் இருபது நிமிடம் என்பது நீண்ட காலம்.

அன்றிலிருந்து, கதவைத் திறந்துவைத்தபடியே தாழ்ப்பாளை ஒரு முறை தள்ளி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவை உள்ளே விடுகிறேன். போனைத் துணிப்பையில் போட்டு அவள் கழுத்தில் மாட்டிவிடுகிறேன். தாழ்ப்பாள் சரியில்லையென்றால் போடவே வேண்டாம், நான் வெளியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தரை ஈரமாக இருந்தால் அவள் கைத்தடியின் ரப்பர் முனையை முதலில் வைத்து வழுக்குகிறதா என்று பார்க்கிறேன். பெரும்பாலான இடங்களில் இந்தியக் கழிப்பறைதான். முட்டி மடங்காதவர்களை அழைத்து வருபவர்கள் நடுவில் ஓட்டையுள்ள பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை டிக்கியில் போட்டுக்கொள்வது நல்லது.

2025 ஆகஸ்ட் 3

மலையாளப் பலகைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கழிப்பறையில் பெண்களுக்கு "ஸ்த்ரீகள்", ஆண்களுக்கு "புருஷன்மார்" என்று எழுதியிருக்கும். படம் இல்லாத இடத்தில் எழுத்துத் தெரியாதவர்கள் கேட்டுவிட்டுப் போவது நல்லது. முதல் முறை அதை நான் படித்துச் சொன்னபோது, "புருஷன் ஆகாதவன் எங்கே போவான்?" என்று அம்மா கேட்டாள். சாலையில் "அபகட மேகல" என்று கண்டால் அது அடிக்கடி விபத்து நடக்கும் பகுதி. "ஆனத்தார" என்றால் யானை வழித்தடம். வாளையார் வழியாக வருகிறவர்கள் அந்தப் பலகையைப் பார்த்த இடத்தில் "இங்கே யாரும் இல்லை, வசதியாக இருக்கிறது" என்று ஒதுங்க இறங்க வேண்டாம்.

2025 ஆகஸ்ட் 9

பாலியேக்கரையில் சுங்கம் வசூலிப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் ஆகஸ்ட் 6 அன்று நான்கு வாரத்துக்கு நிறுத்திவைத்தது. சுரங்கப் பாதை வேலைகளால் சாலை படும் பாடும், அணுகுசாலைகளின் நிலையும்தான் காரணம். காசு மிச்சம் என்று எல்லோருக்கும் மகிழ்ச்சி. எனக்கும்தான். ஆனால் நிறுத்துமிடத்துக்கு நான் சுங்கச் சாவடியைச் சொன்னதே அங்கே விளக்கு, கேமரா, ஆட்கள், ஆம்புலன்ஸ் எல்லாம் இருக்கும் என்பதால்தான். வண்டிகள் நிற்காமல் சீறிப் போகும் சாவடியில் இடதுபுறம் ஒதுங்கும்போது பின்னால் வருகிறவன் நீங்கள் ஒதுங்குவீர்கள் என்று எதிர்பார்க்க மாட்டான். இண்டிகேட்டரைச் சற்று முன்கூட்டியே போடுங்கள்.

2025 ஆகஸ்ட் 18

போன வியாழக்கிழமையைப் பற்றி எழுத வேண்டும். இத்தனை நாள் நான் சொல்லிவந்த யோசனைகளில் பாதி அன்று உதவவில்லை.

சாலக்குடி அருகே முரிங்கூரில் சுரங்கப் பாதைக்காகச் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். வண்டிகளை எல்லாம் அணுகுசாலைக்குள் திருப்பிவிட, திரும்பி வரும் வழியில் காலை பதினோரு மணிக்கு அதற்குள் மாட்டினோம். முன்னால் ஒரு சிமெண்ட் லாரி, பின்னால் ஒரு ஆம்னி பஸ், இடதுபுறம் வீடுகளின் மதில், வலதுபுறம் தகரத் தடுப்பு. பத்தடி நகர்வோம், கால் மணி நேரம் நிற்போம். அம்மாவுக்கு இதயத்துக்காக நீர் மாத்திரை உண்டு. அதைச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று தடவை போக வேண்டும். அன்று காலை மருத்துவமனையிலேயே போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்து நிறுத்தலாம் என்று நான் மனத்தில் வைத்திருந்த ஓய்விடம் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அன்றைய கணக்குக்கு அது ஒன்பது நாட்டுக்கு அப்பால்.

பன்னிரண்டரைக்கு அம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். இரண்டு கைகளையும் மடியில் கோத்துக்கொண்டு எதிரே இருந்த லாரியின் நம்பர் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கார் நடுவழியில் நிற்கிறதே என்ற எண்ணத்தை விட்டுவிட்டு, ஹஸார்டு விளக்கைப் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு, அவளைக் கைத்தாங்கலாக இறக்கி, முதலில் தெரிந்த வீட்டின் கேட்டைத் தட்டினேன். நைட்டி மேல் துண்டு போட்ட ஒரு சேச்சி வந்தார். எனக்கு மலையாளம் நன்றாகவே வரும், ஆனால் அன்று வாயில் வந்தது தமிழ்தான்: "அம்மாவுக்கு முடியலைங்க." அவர் எதுவும் கேட்கவில்லை. கேட்டைத் திறந்து, செருப்பைக் கழற்றப் போன அம்மாவை "வேண்டா, வேண்டா" என்று தடுத்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த குளியலறைக்கு அழைத்துப் போனார்.

திரும்பி வந்தபோது என் காருக்கு முன்னால் நாற்பதடி காலியாக இருந்தது. பின்னால் இருந்த பஸ் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. திட்டு வாங்கினேன். வாங்க வேண்டியதுதான்.

இதிலிருந்து நான் மாற்றிக்கொண்டது என்னவென்றால், நீர் மாத்திரையை வண்டி ஏறுகிற நாளில் எந்த நேரத்துக்குப் போடலாம் என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் வேறு நேரம் எழுதிக் கொடுத்தார். மூன்று ஆண்டுகளில் ஒரு முறைகூட இதைக் கேட்கத் தோன்றவில்லை என்பது எனக்கே வெட்கமாக இருந்தது. நாமாக நிறுத்திவிடக் கூடாது, கேட்டுத்தான் மாற்ற வேண்டும். இதைவிட வருத்தமான இன்னொன்றை அன்று இரவு அம்மா சொன்னாள்: பயண நாட்களில் முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவாளாம், "உனக்கு எதுக்குத் தொந்தரவு" என்று. கொச்சிக்குப் போய் இறங்கும்போது அவளுக்குத் தலை சுற்றுவதை நான் இத்தனை நாள் இரத்த அழுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் மாமியாரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். "எனக்கு வேண்டாம், நீங்க போயிட்டு வாங்க" என்று அவர் சொன்னால் நம்பாதீர்கள். நமக்கு வேண்டுமோ இல்லையோ, நல்ல இடம் வந்தால் எல்லோரும் இறங்கிவிட வேண்டும்; இதை இப்போது எங்கள் வண்டியில் சட்டமாகவே வைத்திருக்கிறேன்.

2025 ஆகஸ்ட் 24

1867-ஆம் ஆண்டின் சராய் (சத்திரம்) சட்டப்படி, ஐந்து நட்சத்திர ஓட்டலானாலும் வழிப்போக்கர் எவருக்கும் தண்ணீரும் கழிப்பறையும் இலவசமாகத் தந்தே ஆக வேண்டும் என்று ஒருவர் வாட்ஸ்அப் செய்தியைப் போட்டிருக்கிறார். எனக்கும் இது பலமுறை வந்திருக்கிறது. உண்மையில் ஓட்டல்காரரிடம் ஒருமுறை இதைச் சொல்லியும் இருக்கிறேன். அவர் பாவம், "சரி மேடம், போங்க" என்று விட்டுவிட்டார்.

2025 ஆகஸ்ட் 25

சட்டத்தை எடுத்து வாசித்துப் பார்த்தேன். நான் ஓட்டல்காரரிடம் சொன்னது தவறு. அதில் "தடையின்றி உள்ளே விட வேண்டும்" என்று ஒரு விதி இருக்கிறது. ஆனால் அது மாஜிஸ்திரேட்டோ அவர் அனுப்பும் ஆளோ சோதனைக்கு வந்தால் உள்ளே விடுவதைப் பற்றியது. நம்மைப் பற்றியது அல்ல. யாரோ அந்த ஒரு வரியைப் பிய்த்து நமக்கெல்லாம் உரிமை வாங்கித் தந்துவிட்டார்கள். சட்டத்தில் உள்ள வேறு சில வரிகள்தான் எனக்குப் பிடித்தன: சத்திரத்தின் அறை, தாழ்வாரம், சாக்கடை எல்லாவற்றையும் துப்புரவாக வைக்க வேண்டும், மதிலும் கதவும் பழுதில்லாமல் இருக்க வேண்டும், காவலாள் போட வேண்டும், கட்டணத்தை எழுதி மாட்ட வேண்டும். அம்மாவை அடைத்துவைத்த அந்தத் தாழ்ப்பாளை நினைத்துக்கொண்டேன்.

பெட்ரோல் பங்க் விஷயமும் இதே போல்தான். பங்கில் இருப்பது பொதுக் கழிப்பறை, யாரும் கேட்காமல் போகலாம் என்று நாம் நினைத்திருக்கிறோம். தனியார் பங்குகளின் கழிப்பறையைப் பொதுக் கழிப்பறையாகத் திறந்துவிடச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று கடந்த ஜூனில் கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது; பிறகு அதை மாற்றியது. வழக்கு எப்படியும் போகட்டும். நான் செய்வது இவ்வளவுதான்: எல்லையில் டேங்கை நிரப்பிக்கொள்வதில்லை. முந்நூறு, ஐந்நூறு என்று இரண்டு இடங்களில் போடுகிறேன். எண்ணெய் போட்டவளுக்குச் சாவி கேட்கக் கூச்சமில்லை. கொடுக்கிறவருக்கும் முகம் சுளிக்க இடமில்லை.

2025 செப்டம்பர் 13

ஓணம் முடிந்து சாலை கொஞ்சம் மூச்சு விடுகிறது. சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக எழுதுகிறேன்.

ஓட்டலில் இளஞ்சிவப்பாகச் சுடுதண்ணீர் வைத்தால் கலங்கிய தண்ணீர் என்று திருப்பி அனுப்பாதீர்கள். அது பதிமுகம் என்ற மரத்துண்டைப் போட்டுக் கொதிக்கவைத்தது. குழந்தைகளுக்கு அதையே பாட்டிலில் ஊற்றிக்கொள்ளலாம். பார்சல் வாங்கினால் பொட்டலத்தில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். சமைத்த நேரமும், இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கையும் அதில் இருக்க வேண்டும் என்று 2023 ஜனவரியிலிருந்தே கேரளத்தில் விதி. பச்சை முட்டை மயோனைஸுக்கும் அப்போதே அங்கே தடை வந்தது. தமிழ்நாட்டில் இந்த ஏப்ரலில்தான் ஓராண்டுக்குத் தடை போட்டார்கள். நீண்ட வழியில் வயிறு கெட்டால் மேலே எழுதிய எல்லாக் கழிப்பறைக் கவலையும் பத்து மடங்காகும். அதனால் போகும்போது இட்லி, புட்டு, கடலைக் கறியோடு நிறுத்திக்கொண்டு, குழிமந்தி ஆசையை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு தீர்த்துக்கொள்ளுங்கள்.

2025 அக்டோபர் 5

இன்றோடு மூன்று ஆண்டு. 2022 அக்டோபர் 5 இரவு, வடக்கஞ்சேரி அருகே பள்ளிப் பிள்ளைகளை ஊட்டிக்கு அழைத்துப்போன சுற்றுலாப் பேருந்து, முன்னால் போன அரசுப் பேருந்தின் பின்புறம் மோதி 9 பேர் இறந்தார்கள். மணிக்கு 97 கிலோமீட்டருக்கு மேல் வேகம். நேரம் நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பு, 2020 பிப்ரவரி 20 அதிகாலையில், இதே 544-ஆம் நெடுஞ்சாலையில் அவிநாசி அருகே, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் வந்துகொண்டிருந்த கேரள அரசுப் பேருந்து மீது ஒரு கன்டெய்னர் லாரி நடுத் தடுப்பைத் தாண்டி வந்து மோதி 19 பேர் போனார்கள். லாரி ஓட்டுநர் கண்ணயர்ந்துவிட்டார் என்றே அப்போது செய்திகள் வந்தன.

என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி "எங்கே நிறுத்தினால் பயமில்லை" என்பதுதான். திருடன், குடிகாரன் என்று நான் நினைத்துக்கொண்டு பதில் எழுத ஆரம்பித்தேன். அவர்களும் உண்டு: "உங்க டயர்ல காத்து இறங்குது" என்று ஒருவன் ஓட்டுநரை இறக்கிக் குனியவைக்க, மறுபக்கக் கதவைத் திறந்து இன்னொருவன் பையை எடுத்துக்கொண்டு போனது என் சித்தி மகனுக்கே நடந்திருக்கிறது. ஆனால் அது பையோடு போயிற்று. நிறுத்தாமல் போனவர்களால் இறந்தவர்களையும், நிறுத்தக்கூடாத இடத்தில் நிறுத்தி இறந்தவர்களையும் எண்ணினால் திருடன் ஒரு பொருட்டே இல்லை.

சம்பளத்துக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றும், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கினால் இடையில் அரை மணி ஓய்வு என்றும் வைத்திருந்தது. சொந்த வண்டிக்காரருக்கு அந்தச் சட்டம் இல்லை. அதனால் அவர்தான் எட்டு மணி நேர வேலை முடித்து, சாப்பிட்டு, இரவு பத்து மணிக்குச் சாவியை எடுக்கிறார். எங்கள் வண்டியில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துகிறோம். அம்மாவுக்காக என்று ஆரம்பித்தது. இப்போது எனக்காகத்தான் என்று தெரிகிறது.

சின்ன வயதில் அப்பாவோடு லாரியில் வரும்போது குதிரான் ஏற்றத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும். சாஸ்தா கோயில் வந்ததும் கிளீனர் காசு போடுவார். அந்தச் சில நொடி நின்றதில் அப்பா கொட்டாவி விட்டு, முகத்தைத் துடைத்து, நிமிர்ந்து உட்காருவார். 2021 ஜூலை 31 அன்று ஒரு சுரங்கம் திறந்த பிறகு அந்த மலையை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டரில் கடந்துவிடுகிறோம். வேலை மிச்சம், நேரம் மிச்சம். ஆனால் அந்தக் கொட்டாவிக்கு இடம் போய்விட்டது. சுரங்கத்துக்குள்ளோ வாயிலிலோ நிறுத்தவே கூடாது. அதற்கு முன்னால் வரும் பன்னியங்கரைச் சுங்கச் சாவடியிலேயே நிறுத்திவிட்டு ஏறுங்கள்.

2025 அக்டோபர் 6

எங்கள் சித்தூர் தாலுக்காவின் கள்ளுக்கடைகளையும் "ஓய்விடம்" என்று ஒருவர் சேர்த்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை மாலை கொழிஞ்சாம்பாறைச் சாலையில் கோவை எண் வண்டிகள் நெளிந்து போவதைத் தினமும் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். கள் ஆனாலும் கணக்கு ஒன்றுதான், 100 மில்லி இரத்தத்தில் 30 மில்லிகிராம். நாளும் கிழமையும் சொல்லித் "தினமும்" என்று எழுதிவிட்டேன். வாரா வாரம் என்று திருத்தி வாசியுங்கள்.

2025 அக்டோபர் 19

உடுமலைச் சகோதரி போய் வந்துவிட்டார். அதிகாலை ஐந்துக்குக் கிளம்பியிருக்கிறார்கள். ஆனால் திரும்பும்போது குருவாயூரில் நேரமாகி, இரவு பதினொன்றரைக்குக் கணவருக்குத் தூக்கம் வந்து, ஒரு பங்கில் கேட்டுவிட்டு ஓரமாக நிறுத்தி, இரண்டு மணி நேரம் எல்லோரும் காருக்குள்ளேயே தூங்கியிருக்கிறார்கள். "ஏசி போட்டுக் கண்ணாடியை மூடிக்கொண்டோம், அதனால் கொசுவும் இல்லை, பயமும் இல்லை" என்று எழுதியிருக்கிறார்.

அதைப் படித்ததிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. தூங்க நிறுத்தியதும் சரி, கேட்டு நிறுத்தியதும் சரி. இன்ஜினை ஓடவிட்டு, கண்ணாடியை மூடித் தூங்கியதுதான் ஆபத்து. நிற்கிற வண்டியின் புகைக் குழாயில் ஒரு சின்ன ஓட்டை இருந்தால் போதும், கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணமில்லை, கண் எரியாது, இருமல் வராது. இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறுகிற இடத்தில் அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இது போய் ஒட்டிக்கொள்ளும். தூக்கம் அப்படியே நீண்டுவிடும். 2024 டிசம்பரில் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். காரணம் ஜெனரேட்டரிலிருந்து வந்த இதே வாயுதான். பங்கில் பக்கத்து வண்டியின் புகைகூட நம் ஏசி வழியாக உள்ளே வரலாம்.

இன்ஜினை அணையுங்கள். எதிரெதிர்ப் பக்கம் இரண்டு கண்ணாடிகளை விரல் நுழையும் அளவு இறக்குங்கள். கொசுவுக்குப் பழைய பருத்தித் துப்பட்டாவைக் கதவில் செருகிச் சாத்திவிட்டால் அதுவே வலை. வியர்க்கும். வியர்த்தால் அரை மணியில் தானாக விழிப்பு வரும், அது போதும். இதை முதல் நாளே எழுதாமல் கழிப்பறையையும் தாழ்ப்பாளையும் எழுதிக்கொண்டிருந்தேனே என்று இருக்கிறது.

2025 நவம்பர் 16

நாளை கார்த்திகை பிறக்கிறது. இனி மகரவிளக்கு முடியும் வரை கேரளச் சாலைகளில் இரவெல்லாம் ஐயப்ப பக்தர்களின் வேன்கள்தான். வேனில் வருகிறவர்கள் மாற்றி மாற்றித் தூங்குவார்கள், பஜனை பாடுவார்கள். ஓட்டுநருக்கு இரண்டும் கிடையாது. நிறுத்துகிற இடத்தில் அவரை எழுப்பி டீ வாங்கித் தராதீர்கள், தூங்க விடுங்கள். வண்டியை எடுக்கும் முன் குருசாமி ஒரு முறை தலையை எண்ணட்டும், சின்ன கன்னிசாமிகளையும் சேர்த்து.

வியாழக்கிழமை கொச்சி போய் வந்தோம். முரிங்கூரில் இன்னும் வேலை முடியவில்லை, ஆனால் அன்று கால் மணி நேரத் தாமதம்தான். அணுகுசாலையில் அந்த மதிலை அம்மாதான் அடையாளம் காட்டினாள். பொள்ளாச்சி இளநீர் ஆறு கொண்டு போயிருந்தோம். சேச்சிக்கு எங்களை உடனே நினைவு வரவில்லை. "எத்ர பேரு வந்நு போயி" என்று சிரித்தார். பிளாக் ஆகிற நாளெல்லாம் யாராவது கேட்டைத் தட்டுகிறார்களாம். பின்பக்கக் குளியலறைக்குப் போகும் வழியில் புதிதாக ஒரு பல்பு போட்டிருந்தார். ராத்திரியில் வருகிறவர்கள் கிணற்றுப் படியில் இடறுகிறார்களாம். அம்மா இந்த முறையும் போய்விட்டு வந்தாள். அவசரம் ஒன்றுமில்லை, நல்ல இடம் வந்தால் இறங்கிவிட வேண்டும் என்பது எங்கள் வண்டிச் சட்டம் என்று சேச்சியிடம் தமிழிலேயே விளக்கினாள்.